பியோனி மொட்டில் ஓர் எறும்பு

பெல்லே,
20 செப்டம்பர் 1883

அன்புள்ள அண்ணா ஆன்தெல்முக்கு,

தங்கை ஒனோரின் எழுதுவது. நான் சுகம். அப்பாவும் சுகம்தான், மழை வந்தால் மட்டும் முழங்கால் வலிக்கிறதென்று தன் மருந்துக்கடையில் இருக்கிற அத்தனை பாட்டிலையும் திட்டுகிறார். உன் இருமல் விட்டதா? லியோன் மூடுபனியில் கழுத்துக்குத் துணி சுற்றாமல் திரிகிறாய் என்று கேள்வி.

நான் வரைந்து ஜூலையில் நீ எடுத்துப்போன பூப்படம் காய்ந்துவிட்டதா? விரலால் தொட்டுப் பார்க்காதே, முகர்ந்து பார். எண்ணெய் வாசம் இருக்கும்வரை வார்னிஷ் பூச விடாதே. சட்டம் போடுவது, பாரிஸுக்குப் பெட்டி கட்டுவது எல்லாம் உன் பொறுப்பு. இந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்?

நீ போன பிறகு அப்பா ஒருவழியாக வாய் திறந்தார். சாப்பாட்டு மேஜையில், சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பாரிஸ் கண்காட்சிக்காரன் உன் படத்தைச் சுவத்துல மாட்டினான்னா, உன்னை உன் சித்தி வீட்டுக்கு அனுப்பறேன். அங்க போய்ப் படி, வரை, என்ன வேணா பண்ணு. மாட்டலைன்னா, மறு பேச்சு பேசாம தார்தியக் கட்டிக்க."

நான் சரி என்றேன். அப்பா வார்த்தை கொடுத்தால் மாறமாட்டார். பாரிஸில் பிலிபெர்த் சித்தி அறையைக்கூடப் பெருக்கி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். தானிய மண்டி தார்தியை உனக்குத் தெரியும். மனைவி இறந்து நாலைந்து வருஷமாகிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து குதிரைக்கு எந்த ஓட்ஸ் நல்லது என்று பேசுகிறார். நான் குதிரையில்லையே!

அண்ணா, என் வாழ்க்கை முழுவதும் உன் அறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். அப்பாவின் ஆசிகள்.

உன் தங்கை
ஒனோரின்

—

லியோன்,
14 அக்டோபர் 1883

என் சண்டைக்காரத் தங்கைக்கு,

ஆன்தெல்மின் முத்தங்கள். இருமல் போய் ஜலதோஷம் வந்திருக்கிறது, மற்றபடி சுகம். அப்பாவின் முழங்காலுக்கு அவர் விற்கிற தைலத்தை அவரே தடவிப் பார்த்தால் என்ன?

உன் படம் என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. காலையில் கண் விழித்தால் அதுதான். ஏப்ரல் லைலாக்கும் ஜூன் பியோனியும் ஒரே ஜாடியில் எப்படியடி பேசிக்கொள்கின்றன? மலர மலர ஒவ்வொரு பூவாக, வாடாமலிருக்கக் குளிர்ந்த நிலவறையில் வைத்து, ஒரே அமர்வில் முடித்து முடித்து நீ வரைந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பொறாமையாக இருக்கிறது, போ.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இடது பக்க மொட்டில் இருக்கும் எறும்பை எடுத்துவிடு. பியோனி மொட்டுக்கு எறும்பு வரும் என்று தோட்டம் வைத்தவர்களுக்குத் தெரியும். பாரிஸ் நடுவர்களுக்குத் தெரியுமா? ஈ ஒட்டிக்கொண்டது என்று கைக்குட்டையால் தட்டப் போகிறார்கள். நீ சரி என்று ஒரு வரி எழுதினால் நானே வண்ணம் தொட்டு மறைத்துவிடுகிறேன்.

இங்கே பட்டுக் கம்பெனியில் என் பாடு சொல்லும்படி இல்லை. போன வாரம், பட்டில் நெய்ய நான் வரைந்த ரோஜா மாதிரியைக் கையில் எடுத்து, எல்லோர் முன்னாலும் முதலாளி கெரினோ கேட்டார்: "ஆன்தெல்ம், இது ரோஜாவா முட்டைகோஸா? இதை உடுத்திக்கணுமா, சூப்புல போடணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

அதே முதலாளி இன்றைக்கு, ஞாயிறும் அதுவுமாக, என் ஜலதோஷத்தை விசாரிக்க அறைக்கே வந்தார். உன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

குளிர் வருகிறது, நிலவறையிலேயே கிடக்காதே. அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்
ஆன்தெல்ம்

—

பெல்லே,
5 டிசம்பர் 1883

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் ஜலதோஷம் என்ன ஆயிற்று என்று கேட்டு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உன் கையில் வீக்கமா, மையில் பஞ்சமா?

எறும்பை எடுக்கக் கூடாது. முன்பே எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன். அது அந்த மொட்டில் இருந்தது, நான் அழைத்து வரவில்லை. மொட்டின் தேனை அது தின்றுகொண்டே இருந்தது, நான் வரைந்துகொண்டே இருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யவில்லை. நடுவர்கள் தட்டிப் பார்க்கட்டும், அப்போதாவது கிட்டே வருவார்கள்.

முதலாளி வந்து நின்றார் என்று எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டாயே. என்ன சொன்னார்? பட்டுக்கு வரைந்த பூக்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் தேர்ந்திருக்குமே. நல்லதாகச் சொல்லியிருந்தால் அப்படியே எழுது, கெட்டதாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் சர்க்கரை போட்டு எழுது.

குளிர்காலத்தில் வரைய இங்கே டர்னிப் கிழங்குதான் இருக்கிறது. தார்தி அதைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு, ஆனா பூச்சி அடிச்ச கிழங்கு" என்றார். பார்க்கத் தெரிந்திருக்கிறது, பரவாயில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. வாத்து வாங்கியாயிற்று.

அன்புடன்
ஒனோரின்

—

லியோன்,
6 ஜனவரி 1884

அன்புத் தங்கைக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வாத்தும் கஷ்கொட்டையும் இன்னும் வயிற்றிலேயே இருக்கின்றன. புது வருஷத்தில் உனக்கும் அப்பாவுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

அங்கே சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்த விஷயம் ஒன்று. கம்பெனியில் பட்டு மாதிரிகள் வரையும் அறைக்கு என்னைத் தலைவனாக ஆக்கிவிட்டார்கள். கெரினோ இப்போதெல்லாம் என்னை முட்டைகோஸ் என்று கூப்பிடுவதில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும்.

நானும் அப்பாவும் நிலவறையில் அத்தனை நேரம் என்ன பேசினோம் என்று நீ கேட்டாய். ஒயின் பீப்பாய் கசிகிறது, அவ்வளவுதான். அதை அப்பாவிடம் துருவிக்கொண்டிருக்காதே.

படம் சட்டம் போடுகிறவரிடம் இருக்கிறது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இத்துடன் முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆன்தெல்ம்

—

பெல்லே,
24 மார்ச் 1884

அண்ணா,

நலம். அப்பாவுக்கும் குறைவில்லை. உன் சுகத்தைப் பற்றி எழுது.

படம் அனுப்புகிற தேதி முடிந்துவிட்டது. அனுப்பினாயா? பெட்டியில் வைக்கோல் போட்டாயா, மூலைக்குத் துணி வைத்தாயா? என் பெயர் சரியாக எழுதினாயா? நான் ஜனவரியில் கேட்டேன், பிப்ரவரியில் கேட்டேன், நீ பனியைப் பற்றி எழுதுகிறாய்.

கோபமில்லை. உன் பதவி பெரியது, வேலை பெரியது, தெரியும். ஆனால் தூக்கம் வரவில்லை அண்ணா. தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடிவிடுகிறேன். அப்பா பார்த்துச் சிரிக்கிறார். "காதல் கடுதாசிக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருக்க மாட்டாங்கடி" என்கிறார். இந்த வருஷம் அவர் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார், ஏனென்று தெரியவில்லை.

ஒரே ஒரு சொல் போதும். அனுப்பினேன் என்று எழுது.

ஒனோரின்

—

லியோன்,
12 ஏப்ரல் 1884

என் அருமை ஒனோரின்,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கு இன்னும் அதிகமாக வேண்டிக்கொண்டேன்.

எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான். படத்தை மறுத்துவிட்டார்கள்.

அழாதே. இது உன் குற்றமில்லை. ஆயிரக்கணக்கில் படம் போகிறது, நடுவர்கள் நடந்துகொண்டே கையை ஆட்டுகிறார்கள், ஒரு படத்துக்கு ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. பூ வரைகிற பெண்கள் என்றால் இன்னும் வேகமாக நடக்கிறார்கள். பெரிய பெரிய ஓவியர்களுக்கெல்லாம் இது நடந்திருக்கிறது. எறும்பினால் இருக்குமோ என்றுகூட யோசித்தேன். ஆனால் இப்போது அதைச் சொல்லி என்ன?

படம் வண்டிக்காரரிடம் வருகிறது. மறுத்த படத்தின் முதுகில் அவர்கள் மறுப்புக்கு அடையாளமாக 'ஆர்' என்று ஓர் எழுத்தை மை முத்திரையாகக் குத்துவார்கள். பார்த்தால் மனசு கஷ்டப்படும், திருப்பிப் பார்க்காதே.

தார்தி நல்ல மனிதர். அவர் தோட்டம் நம்முடையதைவிடப் பெரியது. அங்கே உட்கார்ந்து உன் விருப்பத்துக்கு நீ வரையலாம். யாரும் மறுக்க மாட்டார்கள்.

நன்றாகச் சாப்பிடு, தூங்கு. அப்பாவுக்கு நானே தனியாக எழுதுகிறேன்.

என்றும் உன்
ஆன்தெல்ம்

—

பெல்லே,
8 மே 1884

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அப்பா நலம். உனக்குக் காய்ச்சல் என்று அப்பா சொன்னார், இப்போது எப்படி இருக்கிறது?

படம் வந்தது. நீ பார்க்காதே என்றாய், அதனால் பார்த்தேன். பரணில் வெளிச்சம் போதாது, ஆனாலும் 'ஆர்' தெரிந்தது. பெரிய எழுத்துதான். முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

தார்திக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வார்த்தை கொடுத்தது நான்தானே. அப்பா என்னை நெற்றியில் முத்தமிட்டார். செப்டம்பரில் கல்யாண ஒப்பந்தம், திராட்சை அறுவடை முடிந்ததும் கோவிலில் கல்யாணம்.

பியோனிகள் மொட்டு விட்டிருக்கின்றன. நான் தூரிகையைத் தொடவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அந்தப் படத்தை நான் நல்ல படம் என்று நம்பினேன். அது தப்பென்றால், என் கண்ணையே இனி எப்படி நம்புவது? சோகம்கூட இல்லை, வெட்கமாக இருக்கிறது.

உனக்கு நான் பட்ட கடனை வாயால் சொல்ல முடியாது. பெட்டி கட்டி, அனுப்பி, திரும்ப வாங்கி, எனக்காக எவ்வளவு அலைந்திருப்பாய். மார்ச்சில் உன்னைக் கடிந்து எழுதினேன், மன்னித்துக்கொள். இத்துடன் உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடை ஒன்று அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு சாப்பிடு.

உன் தங்கை
ஒனோரின்

—

லியோன்,
15 ஜூலை 1884

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். பன்றித் தொடைக்கு நன்றி, இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னி.

ஒப்பந்தம் கையெழுத்தாகிற அன்று என்னால் வர முடியாது. வெளியூர் வியாபாரிகள் எல்லாம் அந்த வாரம்தான் வருகிறார்கள். கல்யாணத்துக்கு வரப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் உனக்குத் தரும் பரிசப் பெட்டிக்குத் தார்தியின் அம்மா துணி எங்கே எடுக்கிறார்? லியோனில் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் நயமாகச் சொல். இந்த வருஷம் இங்கே சாயம் சரியில்லை, ஒரே வெயிலில் வெளுத்துவிடுகிறது. என் கம்பெனியைப் பற்றி நானே இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் நீ தங்கையல்லவா. பூப் போட்ட பட்டே வேண்டாம், பழைய மோஸ்தர். கறுப்பு வெல்வெட் உனக்குப் பொருந்தும், அதைப் பாரிஸிலிருந்து வரவழைக்கச் சொல்.

மறக்காதே. அப்பாவுக்கு வணக்கம்.

ஆன்தெல்ம்

—

பெல்லே,
9 செப்டம்பர் 1884

ஆன்தெல்முக்கு,

நான் உடம்பால் நலம்.

சனிக்கிழமை ஒப்பந்தக் கையெழுத்து. நம் கூடத்தில் நோட்டரி, பங்குச் சாமியார், தார்தி, அவர் அம்மா, அப்பா. வழக்கப்படி முதலில் பரிசப் பெட்டியைத் திறந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், எல்லோரும் ஆகா என்று சொல்ல வேண்டும். விசிறி, கையுறை, சரிகைத் துணி, ஜெபப் புத்தகம். அடியில் பட்டு.

தார்தியின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நீ கறுப்பு வெல்வெட்டுன்னு சொல்லி அனுப்பினே. நல்ல நாளும் அதுவுமா கறுப்பு எதுக்குன்னு நான்தான் லியோனுக்கே போனேன். உங்கண்ணன் கம்பெனிக்கே! இது அவன் கையாலயே வரைஞ்சதாம், சீசன் முழுக்க இதுக்குத்தான் அடிதடியாம். ஒரே ஒரு கொறைதான். சாணுக்குச் சாண் ஒரு கருப்புப் புள்ளி. கறைன்னு நெனச்சு ரொட்டித் துண்டால தேச்சுப் பாத்தேன், போகவே மாட்டேங்குது."

பிரித்தேன். என் லைலாக். என் பியோனி. இடது பக்கம் மொட்டு, மொட்டில் எறும்பு. நூலில் கால்கள் வரவில்லை, உடம்பு மட்டும் வந்திருக்கிறது. துணி நீளத்துக்கும் வரிசையாக எறும்பு.

பரணுக்கு ஓடினேன். படத்தைக் கொண்டுவந்து ஜன்னலோரம் நாற்காலியில் வைத்தேன். நான் விளக்குவதற்குள் சாமியார் கையைத் தட்டினார். "அடடா! துணியப் பாத்து எவ்வளவு தத்ரூபமா வரைஞ்சிருக்கா பொண்ணு!" என்றார்.

கேட்டாயா? இனி இந்த ஊரில் அவர் சொன்னதைத்தான் சொல்வார்கள், பாரிஸிலும் சொல்வார்கள். இந்தப் படத்தை நான் எங்கே காட்டினாலும், பாவாடைத் துணியைப் பார்த்துக் காப்பியடித்தவள் என்றுதான் பேர்.

தார்தி மட்டும் படத்தின் மேல் மாதக்கணக்கில் படிந்திருந்த தூசியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பினார். "இது என்ன எழுத்து?" என்றார். பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். முத்திரை குத்தினால் மை ஒரே சீராக விழும். இதில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது. ஒரு தூரிகை மயிர் எழுத்திலேயே ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

நீ படத்தை அனுப்பவே இல்லை. மறுத்தது பாரிஸ் இல்லை. உன் அறையில் உட்கார்ந்து, தூரிகையை மையில் தொட்டு, என்னை நீ மறுத்திருக்கிறாய். அதை வரையும்போது கை நடுங்கியதா? எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், அப்பாவைத் தவிர. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் அப்பவே சொன்னான். வீட்டுப் பொருள்தானேம்மா, யாரு எடுத்தா என்ன? ஒரு சுவத்துல ஆணி அடிச்சு மாட்டறதை விட, அவனுக்கு ஒரு நாற்காலி கெடைச்சது பெருசு இல்லியா? உக்காரு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. கையெழுத்துப் போடு."

நான் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நின்றேன். அவரோ கிறிஸ்துமஸிலிருந்து, நான் தபால்காரருக்குக் காத்திருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தார்தி தொப்பியை எடுத்தார். "மே மாசம் நீ சரின்னு சொன்னது, இந்தப் படம் திரும்பி வந்ததாலதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அது எனக்குச் சொன்ன சரி இல்ல" என்றார். பெட்டியை மூடி, அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

உன்னை நான் எவ்வளவு நம்பினேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கிறது. ஏன் என்று மட்டும் எழுது.

ஒனோரின்

—

லியோன்,
18 செப்டம்பர் 1884

என் ஒனோரின்,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வாய் கூசுகிறது.

கெரினோ அந்த ஞாயிறு என் அறையில் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்தெல்ம், இது நீயா?" என்றார். நான் பேசவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என் மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்தார். ஆறு வருஷத்தில் அந்த மனிதர் என் தோளில் கை வைத்தது அன்றுதான். மறுநாள் ஆள் வந்து படத்தைக் கம்பெனிக்கு எடுத்துப்போனான். நெசவுக்காகப் படத்தைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றுகிறவன் எறும்பையும் ஒரு நிழல் என்று நினைத்து எண்ணிப் போட்டுவிட்டான். நான் கவனிப்பதற்குள் தறிக்கான துளை அட்டைகள் அடித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு உன் பெயரில் அந்தப் படம் பாரிஸில் தொங்கினால் என் கதி என்ன? பதினைந்து பேர் முன்னால் திருடன் என்று வெளியே தள்ளுவார்கள். ஒவ்வொரு வாரமும் உனக்கு எழுத உட்கார்ந்தேன், பனியைப் பற்றி எழுதினேன்.

அந்த எழுத்தைப் பற்றிக் கேட்காதே. நம்பிக்கையோடு நீ இழுத்துக்கொண்டே இருப்பதைவிட ஒரே வெட்டாக முடியட்டும் என்று நினைத்தேன். அது இரக்கம் என்றுகூட அப்போது நம்பினேன்.

சித்தி வீட்டுக்குப் போகப்போகிறாய் என்று அப்பா எழுதினார். போகிற வழியில் லியோனில் இறங்கு. கம்பெனிக்கே வா. கெரினோவிடம் நானே சொல்கிறேன், உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இது என் தங்கை, படம் இவளுடையது என்று என் வாயால் சொல்கிறேன். பிறகு நீ எது செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

வருவாயா? உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி ரயிலில் குளிரும்.

உன் பாவி அண்ணன்
ஆன்தெல்ம்

—

பாரிஸ்,
12 அக்டோபர் 1884

திரு. ஆன்தெல்ம் அவர்களுக்கு,

நான் பாரிஸ் வந்து சேர்ந்துவிட்டேன் என்று அப்பாவுக்குத் தெரிவித்துவிடுங்கள். சித்தி ரயிலடிக்கே வந்திருந்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். "பாரிஸ் ஆமான்னாதான் வரணும்னு உங்கப்பன் சொன்னான். நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வாடி" என்று மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். பெண்களுக்கு வரையச் சொல்லித்தரும் இடத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த மாதம் எங்களுக்கு முன்னால் வைத்திருப்பது சாமந்தி. இரண்டு வாரம்கூடத் தாங்குகிற பூ, பியோனி மாதிரி அவசரப்படுத்தாது.

நீங்கள் அழைத்தபடி லியோனில் இறங்கினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சண்டை போட வரவில்லை. ரயிலில் வரும்போதே மன்னித்துவிட்டேன். உங்கள் கடைசிக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு வருஷம் யாரும் தோளில் கை வைக்காத மனிதனை நினைத்து அழுதேன். நீங்கள் முதலாளியிடம் சொல்லத் தொடங்கியதும், 'வேண்டாம் அண்ணா, போதும்' என்று நிறுத்திவிடுவதாக இருந்தேன். நீங்கள் வாயைத் திறந்தால் போதும், முழுசாகச் சொல்லக்கூட வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. தங்கை.

உங்கள் கம்பெனிக் கடைக்குள் வந்தேன். மேஜை மேல் அந்தப் பட்டு விரித்திருந்தது, இரண்டு சீமாட்டிகள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் வெளுத்தது. முதலாளி கெரினோ உங்கள் பார்வை போன பக்கம் திரும்பினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"யாரு ஆன்தெல்ம், இவங்க?"

நான் உங்களைப் பார்த்துச் சிரித்தேன். தைரியமாகச் சொல்லுங்கள் என்றுதான் சிரித்தேன்.

"எங்க ஊர்ல தெரிஞ்ச பொண்ணுங்க. எங்க வீட்டுக்குப் பூ கொண்டுவந்து குடுப்பாங்க."

"ஓகோ! அப்ப இந்தப் பியோனிகூட இவங்க தோட்டத்துப் பூதானோ?"

"ஆமாங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

அவர் தொப்பியைத் தொட்டு எனக்கு வணக்கம் சொன்னார். "பூ ரொம்ப நல்லா இருந்திருக்கு, மதாம்" என்றார். "ஆமாங்க, நல்லா இருந்தது" என்றேன். வெளியே வந்து ரயிலடிக்கு நடந்தேன். நீங்கள் பின்னால் ஓடி வருவீர்களென்று தெருமுனையில் கொஞ்சம் நின்றேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

நீங்கள் இங்கே அனுப்பிய இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். ஊரில் தெரிந்த பெண்ணுக்கு நீங்கள் கடிதம் எழுதுவது முறையில்லை. அவளும் உங்கள் இருமலைப் பற்றி விசாரிப்பது முறையில்லை, அதனால் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பூ கொண்டுவந்து கொடுத்தவள்